சிதம்பரத்திலிருந்து சென்னைக்குச் சிரிக்கப் போனோம், மூன்று நாற்காலி பிடித்தோம்

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, டீயைப் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு, சென்னையில் அந்த வாரம் என்னென்ன நிகழ்ச்சி என்று கைப்பேசியில் பார்ப்பேன். ஸ்டாண்ட் அப் காமெடி, இசைக் கச்சேரி, நாடகம், கேக் செய்யக் கற்றுத்தரும் வகுப்பு, நாய்க்குட்டிகளோடு யோகா செய்யும் வகுப்பு வரைக்கும் எல்லாம் வரிசையாக வரும். "உங்கள் அருகில்" என்று போட்டு, தூரம் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்று அந்த ஆப்பே கூச்சமில்லாமல் சொல்லும். பார்க்கப் பார்க்க வயிறு எரியும். சென்னைக்காரர்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினால் போதும், எங்கேயாவது யாராவது அவர்களைச் சிரிக்க வைக்கத் தயாராக நிற்கிறார்கள். நாங்கள் சிரிக்க வேண்டுமானால் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு என்ன நடந்தது என்று புரியும். நான் கலைவாணி. பிறந்தது காடாம்புலியூர், வாக்கப்பட்டது குமராட்சி, குடியிருப்பது சிதம்பரம். ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஆண்டு விழா, சீமந்தம், காதுகுத்து, பணி ஓய்வுப் பாராட்டு, எதுவானாலும் எங்கள் வட்டாரத்தில் மைக்கைப் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். "வாணி டீச்சர் பேசினா வயிறு வலிக்கச் சிரிக்கலாம்" என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் அந்த வாயை வைத்துத்தான் ஊரில் பெயர் வாங்கினேன்.

என் கணவர் ராஜவேலு நேர் எதிர். குமராட்சியில் உரக்கடை வைத்திருக்கிறார். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. என் ஜோக்குக்கு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முடித்துவிட்டு முகத்தைப் பார்ப்பேன். "ம், அப்பறம்?" என்பார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிடுவேன்.

எனக்கு நீண்ட நாளாக ஓர் ஆசை. ஊரில் தெரிந்தவர்கள் சிரிப்பது பெரிதில்லை. டீச்சர் ஆயிற்றே, பிள்ளைக்கு மார்க் வேண்டுமே என்றுகூடச் சிரிப்பார்கள். என்னை யாரென்றே தெரியாத ஒரு சென்னைக் கூட்டம் ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதற்காக இரண்டு காரியம் செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெரிய நகைச்சுவைக் கலைஞரின் நிகழ்ச்சிக்கு இரண்டு டிக்கெட். (பெயரைச் சொல்ல மாட்டேன். இலவச விளம்பரம் எதற்கு?) அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துக் கலாய்ப்பதில் கெட்டிக்காரர். அடுத்த நாள் காலை நுங்கம்பாக்கத்தில் ஒரு காபிக் கடை மாடியில் ஓப்பன் மைக். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து நான்கு நிமிடம் பேசலாம். நானும் கொடுத்தேன். பதில் வந்துவிட்டது. இரண்டு மாதம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசிப் பார்த்தேன். முன்வரிசையில் "எந்த ஊரு, என்ன வேலை" என்று கேட்டால் சொல்வதற்குக்கூடப் பதில் தயார்.

சனிக்கிழமை காலை 6.10க்குச் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் அரசுப் பேருந்து. ஆளுக்கு 210 ரூபாய். ரயில் சீக்கிரம் போகும்தான், ஆனால் எங்களுக்கு ஏற்ற நேரத்தில் இடம் கிடைக்கவில்லை. நான் ஏறுவதற்குள் கணவர் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி மூன்று பேர் சீட்டைப் பிடித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். திருவிழா நாளில் பஸ் உள்ளே வளைந்து வரும்போதே நாலு ஜன்னலில் துண்டு விழும். துண்டு கிடந்தால் அது சீட்டு, அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஆனால் இவரிடம் கூடுதலாக ஒரு வழக்கம். நாங்கள் இரண்டு பேர், இவர் எப்போதும் மூன்று இடம் பிடிப்பார். பஸ், கல்யாணப் பந்தி, டாக்டர் வீட்டு பெஞ்சு, எங்கேயும். அந்த மூன்றாவது இடம் எதற்கு என்று பத்து வருடமாக எனக்கும் அவருக்கும் சண்டை. கேட்டால் "கெடக்கட்டும்" என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் முறைப்பது என்னைத்தான்.

ஏழே காலுக்குக் கடலூர். இருபது நிமிடம் பஸ் நிற்கும் என்றார் நடத்துநர். நான் இறங்கி இட்லிப் பொட்டலம் வாங்கினேன், இரண்டு பேருக்கு 90 ரூபாய், கெட்டிச் சட்னி நன்றாக இருந்தது. வரிசையில் நின்ற ஓர் அம்மாவோடு பேச்சு வளர்ந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு மகளைப் பார்க்கப் போகிறாராம். அவரையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் சீட்டிலேயே உட்கார வைத்தேன். கணவர் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். திண்டிவனம் தாண்டித்தான் கண் விழித்தார். நான் அதுவரை என் நான்கு நிமிடத்தை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

கிளாம்பாக்கம் வந்து சேர்ந்தபோது மணி 11.50. முதல் தடவை வருபவர்கள் கவனிக்க: இங்கே இறங்கியதும் சென்னை வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது, இன்னும் முப்பது கிலோமீட்டர் இருக்கிறது. நாங்கள் மாநகரப் பேருந்தில் விமான நிலையம் வரை போய் அங்கிருந்து மெட்ரோவில் ஏறினோம். மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, கணவருக்கு மட்டும் டிக்கெட். அன்றைக்கு முழுக்க எனக்கு அவரைவிடக் கூடுதலாகக் கிடைத்த ஒரே சலுகை அதுதான். மெட்ரோவில் ஆளுக்கு 40. திருவல்லிக்கேணியில் விடுதி, ஒரு நாள் வாடகை 1,400. சுத்தம் பரவாயில்லை, சுடுதண்ணீர் கேட்டால் வரும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நிகழ்ச்சி சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆயிரம் விளக்கு மெட்ரோ பக்கத்தில் ஓர் அரங்கம். டிக்கெட் தலைக்கு 799, அதற்கு மேல் ஆப்புக்கு அழுத தொகை தனி. நாற்காலிக்கு எண் கிடையாது, முதலில் வருபவருக்கு முதல் இடம். அதனால் மூன்றே முக்காலுக்கே அவரை இழுத்துக்கொண்டு போய் நின்றேன். கண்ணில் படட்டும் என்று மாம்பழ மஞ்சளில் புடவை வேறு. கதவு திறந்ததும் கணவர் எப்படி நுழைந்தார் என்று எனக்கே தெரியாது. ஆருத்ரா தரிசனத்துக்குக் கூட்டத்தில் புகுந்து பழகிய உடம்பு. நான் போய்ப் பார்க்கும்போது முன்வரிசை நட்டநடுவில் மூன்று நாற்காலியின் மேல் அவருடைய பச்சைக் கரைத் துண்டு நீட்டாகக் கிடந்தது.

மூன்றாவது எதற்கு, இது சென்னை, மானம் போகிறது என்று பல்லைக் கடித்தேன். அவர் காதில் விழவில்லை. டீ குடிக்கலாம் என்றார். இடத்தை விட்டுவிட்டா என்றேன். "துண்டு கெடக்குதுல்ல, எவன் உக்காருவான்" என்றார். எனக்கும் தொண்டை வறண்டிருந்தது, இரண்டு மாத ஒத்திகை அப்படி. அரங்க முகப்பிலேயே இருந்த கடையில் டீ ஒன்று அறுபது ரூபாய். அதிர்ச்சியில் ஒன்றுதான் வாங்கினோம். வரிசை நகரவே இல்லை. டீயோடு கதவைத் திறந்து உள்ளே வந்தபோது விளக்கெல்லாம் அணைந்திருந்தது, மேடையில் மட்டும் வெளிச்சம். அந்தக் கலைஞர் நின்றுகொண்டிருந்தார். கையில் எங்கள் துண்டு.

இடம் கிடைக்காமல் சிலர் சுவரோரம் நிற்க, முன்வரிசையில் மூன்று நாற்காலி காலியாகக் கிடந்தால் யார்தான் கேட்க மாட்டார்கள்? துண்டைத் தூக்கிக் காட்டி இது யாருடையது என்று கேட்டார். எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. கணவர் டீயைச் சிந்தாமல், அவசரப்படாமல், நடைபாதையில் இறங்கிப் போனார்.

"நம்மளுதுதான்" என்றார்.

"எதுக்குண்ணே துண்டு போட்டிங்க?"

"எடம் புடிக்க."

"இது பஸ் இல்லண்ணே."

"தெரியுது. பஸ்ஸுனா ஜன்னல் வழியா போட்டிருப்பன்."

அரங்கம் வெடித்தது. எழுநூறு, எண்ணூறு பேர் இருப்பார்கள். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இவருக்குப் புரியவில்லை, திரும்பிப் பின்னால் பார்த்தார். அதற்கும் சிரித்தார்கள். எந்த ஊர், என்ன தொழில் என்று கலைஞர் கேட்டார். சிதம்பரம் பக்கம் குமராட்சி, உரக்கடை என்றார். வியாபாரம் எப்படி என்றால், "மழ பேஞ்சா நல்லாருக்கும், ஜாஸ்தி பேஞ்சா நல்லாருக்காது" என்று கடையில் பாக்கி சொல்லும் குரலில் சொன்னார். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் பக்கம் அத்தனை பேரும் சொல்கிற சொல் அது. இதில் என்ன சிரிப்பு? ஆனால் சிரித்தார்கள், முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

பிறகு, கணவர் பின்னாலேயே வந்து நின்றிருந்த என் பக்கம் திரும்பினார் கலைஞர். "அண்ணி, இவரோட எப்படிச் சமாளிக்கிறிங்க?" என்று மைக்கை நீட்டினார். இதற்காகத்தான் ஆறு மணி நேரம் வந்தேன், இதற்காகத்தான் மஞ்சள் புடவை. மைக்கைக் கண்டதும் வருடக்கணக்கான ஆண்டு விழாப் பழக்கம் முந்திக்கொண்டது. "அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் என் அன்பான மாலை வணக்கம்" என்று ஆரம்பித்துவிட்டேன். அரங்கம் மரியாதையாக அமைதியானது. எங்கோ பின்னால் ஒருவர் கைகூட தட்டினார். "வணக்கம் அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கலைஞர் மைக்கை என் கணவரிடமே கொண்டுபோய்விட்டார். என் இரண்டு மாதம் அந்த ஒரு வணக்கத்தில் போய்விட்டது.

அதோடு விட்டாரா? "நீங்க ரெண்டு பேரு. மூணாவது சீட்டு யாருக்குண்ணே?"

"யாருனா வருவாங்க."

"யாரு?"

"ஊர்லேர்ந்து யாருனா வருவாங்க."

"வர்றேன்னு சொல்லியிருக்காங்களா?"

"சொல்லிட்டு யாரு வருவா."

சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சுவரோரம் நின்றவர்களில் ஒருவர் கையைத் தூக்கினார். "அண்ணே, நான் பரங்கிப்பேட்ட. வரலாமா?" துபாயில் வேலை, லீவு முடிந்து திரும்புகிறார், ராத்திரி விமானம், அதுவரை பொழுது போகட்டும் என்று டிக்கெட் எடுத்து வந்தவர். கணவர் மூன்றாவது நாற்காலியைக் கையால் தட்டிவிட்டு, "வாங்க பாய், உக்காருங்க" என்றார், அவருக்காகவே அதுவரை வைத்திருந்தது போல. அவ்வளவுதான். மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கலைஞர் மேடையிலேயே தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நானும் தட்டினேன். தட்டாமல் இருக்க முடியாது, எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், உள்ளே பற்றி எரிந்தது. நோகாமல் நோன்பு கும்பிடுவது என்றால் இதுதான். வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தவருக்கு எண்ணூறு பேர் எழுந்து நிற்கிறார்கள். அதன்பின் கலைஞர் ஒன்றரை மணி நேரம் பேசினார், என்ன பேசினார் என்று என்னைக் கேட்காதீர்கள். நடுநடுவே "சரிதானண்ணே?" என்று இவரைப் பார்ப்பார், இவர் "ம்" என்பார், அதற்கும் சிரிப்பு. "ம்" என்ற சொல்லை நான் பத்து வருடமாகச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முடிந்ததும் பரங்கிப்பேட்டைக்காரர் என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, "அண்ணன் சூப்பரா பேசுறாரு அண்ணி. நீங்க அவ்ளோ பேச மாட்டிங்களோ?" என்று கேட்டார். நல்ல மனுஷர், மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் கூடுதலாக எரிந்தது. வாசலில் இவரோடு படம் எடுத்துக்கொள்ள ஒரு கும்பல். அதில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். ஒரு செல்ஃபிக்குக் கூப்பிடுகிறாளாக்கும் என்று முந்தானையைச் சரிசெய்தேன். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கிறிங்களா?" என்று கைப்பேசியை என் கையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் ஆட்டித்தான் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அரங்கத்தில் யாரோ கைப்பேசியில் எடுத்த காணொளி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களை எல்லாம் சுற்றி வந்துவிட்டது. காடாம்புலியூரிலிருந்து என் அம்மா கூப்பிட்டாள், மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்ல. என் தலைமை ஆசிரியை கூப்பிட்டார், அடுத்த ஆண்டு விழாவுக்குச் "சாரை" அழைத்து வர முடியுமா என்று கேட்க. நான் எட்டு வருடம் மைக் பிடித்த மேடை அது. இட்லி இறங்கவில்லை. இவர் மூன்றாவது வடைக்குச் சொல்லிவிட்டு, "ஏன், ஒடம்பு சரியில்லியா?" என்றார்.

ஓப்பன் மைக் பதினொரு மணிக்கு. திருவல்லிக்கேணியிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு ஆட்டோ 150, பேரம் பேசினால் 120. நுழைவு 199, அதில் ஒரு காபியும் அடக்கம். மாடியில் நாற்பது நாற்காலி, முப்பது பேர். அதில் பாதிப் பேர் பேச வந்தவர்கள். அவர்கள் மற்றவர் ஜோக்குக்குச் சிரிக்க மாட்டார்கள், அவர்களும் என் ஜாதிதான். நடத்தியது ஓர் இளம்பெண். இவரைப் பார்த்ததும் கண் விரிந்தது. "துண்டு அண்ணன் வந்திருக்காரு" என்று மைக்கிலேயே அறிவித்து, ஒரு நிமிடம் பேசச் சொன்னாள். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டு, "நான் பேச வரலம்மா. எடம் புடிக்க வந்தன்" என்றார். முப்பது பேரும் விழுந்து சிரித்தார்கள், பேச வந்தவர்கள் உட்பட. அடுத்த பெயர் என்னுடையது.

மேடை என்று ஒன்றும் இல்லை, ஒரு கம்பளம், ஒரு மைக். வணக்கத்தை மட்டும் விழுங்கிவிட்டேன், அந்த மட்டில் வெற்றி. பெற்றோர் கூட்டத்தைப் பற்றி எழுதிப் பழகியதை ஆரம்பித்தேன். சிதம்பரத்தில் இதே ஜோக்குக்கு ஒரு அம்மா நாற்காலியிலிருந்து கீழே விழப் பார்த்தார். இங்கே முன்வரிசைப் பையன் காபியைக் கலக்கினான். அப்போது பின்னால் ஒருவர் கைப்பேசி விளக்கை எரிய விட்டு ஆட்டினார். கச்சேரிகளில் பாட்டு பிடித்துப்போனால் இப்படித்தானே ஆட்டுவார்கள்? பரவாயில்லை, ஒருவருக்காவது பிடித்திருக்கிறது என்று நானும் அவரைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு இன்னும் தெம்பாகப் பேசினேன். நடத்துகிற பெண் மெதுவாக வந்து, நேரம் முடியப் போகிறது, அதற்கான அடையாளம்தான் அந்த விளக்கு என்று காதில் சொன்னாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. மைக்கை விடாமல், தயார் செய்ததையெல்லாம் விட்டுவிட்டு, உள்ளதைச் சொன்னேன். "அதோ உக்காந்திருக்காரே துண்டு அண்ணன், அவரு என் வீட்டுக்காரர். ரெண்டு மாசம் நான் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகுனேன். அவரு பஸ்ல தூங்கிப் பழகுனாரு. நேத்துலேர்ந்து எனக்கு வயிறு எரியுது. டாக்டர்கிட்ட போனா என்ன சாப்ட்டிங்கன்னு கேப்பாரு. வீட்டுக்காரர் கைதட்டு வாங்குனாருன்னு நான் எப்படிச் சொல்றது?"

சிரித்தார்கள். காபி கலக்கியவனும் சிரித்தான். என்னைத் தெரியாத சென்னைக் கூட்டம், நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கம்பளத்திலிருந்து இறங்கும்போதே மனசு கணக்குப் போட்டுவிட்டது: இந்தச் சிரிப்பும் அவரால் வந்ததுதானே? அவர் இல்லாவிட்டால் நான் எதைச் சொல்லியிருப்பேன்? இவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. "ம், அப்பறம்?" என்ற அதே முகம்.

மத்தியானம் இரண்டரைக்குக் கிளாம்பாக்கத்தில் கடலூர் வழியாகப் போகும் பஸ். இவர் இடம் பிடிக்க ஓடினார். நான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கையில் பெரிய பெட்டி, கண்ணில் தூக்கம். ராத்திரி டியூட்டி முடித்துச் சொந்த ஊரான கடலூருக்குப் போகும் நர்ஸ். எங்கே ஆரம்பித்தேன் என்று தெரியாது, வரிசை நகர்வதற்குள் சனிக்கிழமைக் கதை முழுக்க அவளிடம் கொட்டிவிட்டேன். துண்டு, வணக்கம், போட்டோ, தலைமை ஆசிரியை, எல்லாம். பெட்டிமேல் சாய்ந்து சிரித்தாள். பாவம், இந்தக் கூட்டத்தில் அவளுக்கு எங்கே இடம் கிடைக்கும், எங்களோடு வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

மூன்று பேர் சீட்டில் துண்டு கிடந்தது. இவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "உக்காரும்மா" என்றார். பிறகு என்னிடம், "பாத்தியா? யாருனா வருவாங்க" என்றார்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இங்கேயும் அந்த வசனமா என்று எரிச்சலாக வந்தது. பஸ் வண்டலூர்கூடத் தாண்டவில்லை, வாயைத் திறந்துவிட்டேன். "இன்னாத்துக்கு மாமா எப்ப பாரு மூணு எடம்? இன்னிக்காவது சொல்லுங்க."

"எல்லாம் உன்னாலதான்" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை, அதனால் அப்படியே தருகிறேன் (எங்கள் பக்கத்தில் 'வரசொல்ல' என்றால் 'வரும்போது'). "கல்யாணமான புதுசுல கடலூர் பஸ் ஸ்டாண்டுல நான் ரெண்டு எடம் புடிச்சி வச்சிருப்பன். நீ தண்ணி வாங்கப் போவ. வரசொல்ல எவுங்களையாச்சும் பேசிக் கூட்டியாருவ. மாமா, இவுங்க நம்ம பக்கந்தான், எடம் குடுங்கன்னுவ. நான் எழுந்து சிதம்பரம் வரிக்கும் நின்னுக்கினே வருவன். ஒருக்கா ரெண்டு தரமா? போற எடத்துலல்லாம். அதிலேர்ந்து மூணாப் போட்டுடறது."

நர்ஸ் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். நான் யோசித்துப் பார்த்தேன். முந்தின நாள் கடலூரில் ஏறிய அம்மா. பல்லவரம் கல்யாணப் பந்தியில் யாரோ ஒரு பெரியவர். டாக்டர் வீட்டு பெஞ்சில் ஒரு கைக்குழந்தைக்காரி. எல்லோரும் நான் கூட்டி வந்தவர்கள்தான். அரங்கத்தை எழுந்து நிற்க வைத்த அந்த மூன்றாவது நாற்காலி என்னுடையது. என் வாயால் வந்தது.

"இத நேத்து அவரு மைக்க நீட்டசொல்ல சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"அவரு யாருக்குன்னு கேட்டாரு. யாராலன்னு கேக்கல."

பஸ் செங்கல்பட்டு தாண்டும் வரை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். எண்ணூறு பேர் கைதட்டலில் பாதி எனக்கு வந்திருக்க வேண்டியது. கேட்கவில்லையாம், அதனால் சொல்லவில்லையாம். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தப் பெண் கடலூரில் இறங்கும்போது, "அக்கா, இத நீங்க மேடைல சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டரை மணிக்குச் சிதம்பரம் வந்து சேரும் வரை அதுதான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்திலிருந்து இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. சனி காலை கிளம்பினால் சாயங்கால நிகழ்ச்சிக்குத் தாராளமாகப் போய்விடலாம். வெள்ளி இரவே கிளம்பி அலுத்துப்போக வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போது நாற்காலி எண் உண்டா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரு மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். டீயை வெளியே தெருவில் குடித்துவிட்டு உள்ளே போங்கள், பன்னிரண்டு ரூபாயோடு போகும். இரண்டு பேருக்குப் போக்குவரத்து, தங்கல், சாப்பாடு, நுழைவு எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம் ஆனது. ஓப்பன் மைக்கில் விளக்கு ஆட்டினால் யாரும் உங்களைப் பாராட்டவில்லை, இறங்குங்கள் என்று அர்த்தம். முன்வரிசையில் உட்கார்ந்தால் பேச்சுக் கொடுப்பார்கள், வணக்கம் மட்டும் சொல்லாதீர்கள். பேசாத ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரவும் உட்காராதீர்கள்.

நான் அதே ஓப்பன் மைக்குக்கு மறுபடியும் பெயர் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை நான்கு நிமிடமும் மூன்றாவது நாற்காலி பற்றித்தான். விஷயத்தைச் சொன்னதும் இவர் உரமூட்டைக் கணக்கிலிருந்து தலையைத் தூக்கி, நானும் வரவா, இல்லாவிட்டால் யார் இடம் பிடிப்பது என்று கேட்டார். மறுபடியும் அவரை முன்வரிசையில் உட்கார வைக்க எனக்கென்ன பைத்தியமா?

"நீங்க வேணாம் மாமா" என்றேன். "துண்ட மட்டும் குடுங்க."